பெட்ரோல் லாரியின் முதுகில் ஒரு முன்னொட்டு

எட்டாம் வகுப்பில் ஆங்கில வாத்தியார் எங்களுக்கு ஒரு சூத்திரம் தந்தார். "முன்னாடி 'இன்' போட்டா எதிர்ப்பதம்டா. அவ்வளவுதான்." கரெக்ட் – இன்கரெக்ட். கம்ப்ளீட் – இன்கம்ப்ளீட். விசிபிள் – இன்விசிபிள். தமிழ்வழியில் படித்த எங்களுக்கு அது பெரிய வரம். ஒரு சொல்லை மனப்பாடம் செய்தால் இன்னொன்று இலவசம்.

அந்த வருடக் கோடை விடுமுறையில் மாமாவோடு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். பேருந்துக்கு முன்னால் ஒரு டேங்கர் லாரி. அதன் முதுகில் பெரிய எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்தது. நான் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். ஃப்ளேம் என்றால் தீ. 'இன்' என்றால் இல்லை. "மாமா, அது தீப்பிடிக்காத லாரி" என்றேன். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்தபடி கீழே இறங்கியவர், லாரிக்குப் பக்கத்தில் நின்று பீடியைப் பற்றவைத்தார். லாரி கிளீனர் கத்திக்கொண்டே ஓடிவந்து அதைத் தட்டிவிட்டார்.

என் சூத்திரம் எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்கப் பல வருடங்கள் ஆயின. ஆங்கிலத்துக்கு லத்தீனிலிருந்து வந்த 'இன்' ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, 'இல்லை' என்பது. இன்னொன்று, 'உள்ளே', 'மேலே' என்ற பொருள் தருவது. இன்ஹேல் என்றால் மூச்சை உள்ளே இழுப்பது. அதே போல, லத்தீனில் இன்ஃப்ளமாரே என்றால் தீ மூட்டுவது. அதிலிருந்து வந்த இன்ஃப்ளேமபிள் என்பதற்குத் தீப்பிடிக்கக்கூடியது என்றுதான் பொருள். உடம்பில் சூடும் வீக்கமுமாக வருவதை டாக்டர்கள் இன்ஃப்ளமேஷன் என்கிறார்களே, அதுவும் இதே வேர்தான். நாம் அதை அழற்சி என்கிறோம். அழல் என்றாலும் தீதான்.

இந்த இரட்டையர்கள் ஆங்கிலேயர்களையே குழப்பியிருக்கிறார்கள். இன்ஹேபிட் என்றால் குடியிருப்பது. அப்படியானால் இன்ஹேபிடபிள்? இன்றைக்கு, குடியிருக்கத் தக்கது. ஆனால் ஷேக்ஸ்பியர் தன் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் அதை மனிதர் வாழமுடியாத நிலம் என்ற பொருளில் எழுதினார். பிரெஞ்சில் இன்றும் அதுதான் பொருள். ஆங்கிலத்திலோ அர்த்தம் தலைகீழாகிவிட்டது. இப்போது வாழமுடியாத இடத்தைச் சொல்ல, அதன் தலையில் இன்னொரு முன்னொட்டை ஏற்றி அன்இன்ஹேபிடபிள் என்கிறார்கள்.

நாடகத்தில் ஒரு சொல் குழப்பினால் உரையாசிரியருக்கு வேலை வரும். பெட்ரோல் டேங்கரில் குழப்பினால் உயிர் போகும். 1920களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் இதைக் கவனித்தது. இன்ஃப்ளேமபிள் வேண்டாம், ஃப்ளேமபிள் என்று எழுதுங்கள் என்று வலியுறுத்தியது. 1813-லேயே ஆங்கிலத்தில் பதிவாகியிருந்தாலும், அதுவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத சொல் அது. காப்பீட்டு நிறுவனங்களும் அந்தப் பக்கம் நின்றன.

அதே காலத்தில் ஹார்ட்ஃபோர்ட் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் பெஞ்சமின் லீ வொர்ஃப் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். பின்னாளில் மொழியியலில் பெரும் பெயர் பெற்ற அதே வொர்ஃப்தான். 'காலி' என்று சொல்லப்படும் பெட்ரோல் பீப்பாய்களுக்கு அருகில் ஆட்கள் அலட்சியமாகப் புகைபிடிப்பதை அவர் கவனித்தார். நிரம்பிய பீப்பாயைவிட, ஆவி நிற்கும் காலிப் பீப்பாய் ஆபத்தானது. ஆனால் 'காலி' என்ற சொல் ஒன்றுமில்லை என்று தைரியம் கொடுத்துவிடுகிறது. அவருடைய கட்டுரையில் இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு மாமாவின் பீடிதான் ஞாபகம் வந்தது.

புதிய சொல் எல்லோருக்கும் பிடிக்கவில்லை. ஸ்ட்ரங்க்கும் வைட்டும் எழுதிய புகழ்பெற்ற நடைக் கையேடு 1959-ல் வந்தது. ஃப்ளேமபிள் என்பது குழந்தைகளையும் எழுத்தறியாதவர்களையும் காப்பாற்றுவதற்கான சொல். நீங்கள் லாரி ஓட்டவில்லை என்றால் பழைய சொல்லையே எழுதுங்கள் என்ற தோரணையில் அது அறிவுரை சொன்னது. அதைப் படித்துக் கொஞ்சம் கோபம் வந்தது. அந்தக் குழந்தைகள் பட்டியலில் நானும் இருந்தேனே! ஆனால் நான் தப்பாக யோசிக்கவில்லை. கொடுத்த விதியை ஒழுங்காகப் பின்பற்றினேன், அவ்வளவுதான்.

யோசித்தால் தமிழிலும் இப்படி ஒரு பொறி உண்டு. தமிழின் சொந்த எதிர்மறை வேருக்குப் பின்னால் வரும்: எரியும் – எரியாத. முன்னால் ஒட்டும் 'அ' வடமொழி வழியாக வந்தது: நீதி – அநீதி, சுத்தம் – அசுத்தம். இந்த 'அ'வும் லத்தீனின் 'இன்'னும் ஆங்கிலத்தின் 'அன்'னும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. இன்னொரு பக்கம், நமக்கே உரிய சுட்டு 'அ' இருக்கிறது: அவன், அப்படி, அவ்வீடு. இரண்டும் சொல்லின் தலையில்தான் உட்கார்கின்றன. ஆனாலும் 'அவ்வீடு' என்பதை வீடு இல்லாத நிலை என்று நாம் யாரும் படிப்பதில்லை. காதில் விழுந்த பழக்கம் நம்மைக் காப்பாற்றுகிறது. வெளியிலிருந்து, வெறும் சூத்திரத்தோடு வருகிறவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. தமிழ் கற்க வரும் ஒருவர் இங்கே தடுக்கினால் நான் சிரிக்கமாட்டேன்.

இந்திய நாடாளுமன்றம் 1952-ல் இயற்றிய தீப்பற்றும் பொருட்கள் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இன்ஃப்ளேமபிள்தான் இருந்தது. நம் சாலைகளில் அந்தச் சொல்லை இன்றும் பார்க்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கிளீனரை நினைத்துக்கொள்வேன். அவருக்கு ஆங்கிலம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. பெட்ரோலைத் தெரியும். பீடியைத் தட்டிவிட்ட பிறகு மாமாவைப் பார்த்து அவர் கேட்டார்: "ஏன்யா, பின்னாடி எழுதிருக்கே, படிக்கத் தெரியாதா?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கேட் எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.