எழும்பூர் மணலும் லவ்டேல் மலையும்

ஊட்டி மலை ரயிலில் கேத்தியைத் தாண்டினால் லவ்டேல். அங்குள்ள லாரன்ஸ் பள்ளி 1858-ல் ராணுவ வீரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. 1870-களில் சென்னை எழும்பூரின் ராணுவ ஆண் பிள்ளைகள் அநாதை இல்லத்தையும் இதோடு சேர்த்தார்கள். அந்த எழும்பூர் இல்லத்தின் கதை, லண்டனில் ஒரு தத்துவ ஞானியின் மேசை வரை போன கதை.

1789-ல் அதன் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தாளும் மையும் தேவையில்லை. தப்பாகிவிட்டால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். பெல் திரும்பி வந்து, எழுத்துப் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு மணலைப் பரப்பச் சொன்னார். வகுப்பு ஆசிரியர் இது நடக்காது என்றார். சரி என்று, ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வகுப்பைக் கொடுத்தார் பெல். சாதாரணச் சிப்பாயின் மகன் அவன். பன்னிரண்டு வயது நிறைவதற்குள் 91 பையன்கள் அவன் பொறுப்பில் இருந்தார்கள்!

பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதை பெல் தம் கண்டுபிடிப்பாகவே கருதினார். நம் திண்ணைப் பள்ளிகளில் அப்படிச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயரே இருந்தது.

1797-ல் பெல் இதைப் புத்தகமாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தெங்கும் பரவியது. அதைப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர், பயன்பாட்டுவாதத்தின் தந்தையான ஜெரமி பெந்தாம். லண்டனில் தம் வீட்டுத் தோட்டத்திலேயே பள்ளி கட்டத் திட்டமிட்டு, ‘கிரெஸ்டோமேத்தியா’ என்ற நூலை எழுதினார். பயனுள்ள கல்வி என்று பொருள். லத்தீன், கிரேக்க இலக்கியப் படிப்பு வேண்டாம். தாவரம், கனிமம், எந்திரம், வேதியியல், கணக்கெழுதுதல் போதும். அடி கூடாது. அந்தக் காலத்தில் இதைச் சொல்லப் பெரிய மனசு வேண்டும். இசைக்கும் இடமில்லை, சத்தம் வரும் என்பதால். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அதே நூலில் மனித அறிவு முழுவதையும் ஓர் அட்டவணைக்குள் அடக்கப் பார்த்தார். நினைவு, பகுத்தறிவு, கற்பனை என மூன்றாக அறிவைப் பிரித்திருந்தார் பிரான்சின் டலம்பேர். எந்தப் படிப்புக்கும் இந்த மூன்றுமே வேண்டுமே, பிறகு எப்படிப் பிரிப்பது என்பது பெந்தாமின் கேள்வி. அவர் ஒவ்வொரு துறையையும் இரண்டிரண்டாகவே, எதுவும் விட்டுப்போகாமல் வகுத்துக்கொண்டு போனார். அந்த மரத்துக்கு அவர் வைத்த வேர், மனிதர் நலமாக வாழும் கலை. இன்று எந்தப் பாடத்திட்டக் குழு அங்கிருந்து தொடங்குகிறது?

பள்ளி கட்டப்படவே இல்லை. 1832-ல் பெந்தாம் இறந்துபோனார். எழும்பூர் இல்லம் மலையேறி லவ்டேலுக்கு வந்தது. ஃபிரிஸ்கெனின் பெயரும் வயதும் பெல்லின் புத்தகத்தில் இருக்கின்றன. அன்று காலை மணலுக்கு அருகே இருந்த வாத்தியார் யார் என்று பெல் எழுதிவைக்கவில்லை.

(தொடரும்)