வாயுமண்டல அளவைக் கருவிகள்

காற்றின் அழுத்தம், உஷ்ணநிலை, ஈரப்பதம், வேகம், திசை ஆகியவற்றை அளப்பதற்கும், உயர்மட்டங்களிலுள்ள காற்றை உள்ளவாறே சேகரித்துச் சோதிப்பதற்கும் அமைந்த சாதனங்கள் வாயுமண்டல அளவைக் கருவிகள் எனப்படும். இவற்றுள் பழமையானவை ஐரோப்பாவில் தோன்றியவை: இத்தாலியில் டாரிசெல்லி 1643-இல் பாதரசப் பாரமானியை அமைத்தார்; ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர், ஈரம் பட்டால் நீண்டு உலர்ந்தால் சுருங்கும் மனித ரோமத்தின் இயல்பைக்கொண்டு ஈரமானி ஒன்றைச் செய்து, 1783-இல் அதனை விவரித்து நூல் வெளியிட்டார். குளிர்நாட்டுக்கென்று பிறந்த இக்கருவிகளை முதலில் இரவல் வாங்கிப் பயன்படுத்தி, பின்னர் நம் தட்பவெப்பத்திற்கேற்ப மாற்றியமைத்து, இறுதியில் சொந்தமாகவே சிருஷ்டித்துக்கொண்ட கதையே இந்தியாவில் இத்துறையின் சரித்திரமாகும்.

நெசவும் ஈரப்பதமும். காற்றின் ஈரம் விஞ்ஞானிகள் மட்டும் கவனிக்கும் பொருளன்று. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள பட்டு நெசவு நகரமாகிய ஆரணியில், வறண்ட கோடையில் இழை அறுவதும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பாவு உலராமல் குழித்தறியில் நீர் ஊறித் தொழில் தடைப்படுவதும் நெசவாளர் நன்கறிந்தவை. பட்டு தன்னைச் சூழ்ந்த காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. உலர்ந்த எடையில் நூற்றுக்கு 11 பங்கு ஈரம் இருப்பது இயல்பானதென்று சர்வதேச வாணிபத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பதால், எடைபோட்டு வாங்கும் கச்சாப்பட்டில் ஈரத்தின் அளவு விலையோடும் சம்பந்தப்பட்டதாகிறது. கைவிரல் உணர்ச்சியால் நெசவாளர் மதிப்பிடும் இதனையே ஈரமானி எண்ணால் கூறுகிறது.

சென்னை வானாராய்ச்சி நிலையம். வில்லியம் பெட்ரி 1786-இல் எழும்பூரில் சொந்தமாக நிறுவிய வானாராய்ச்சிக்கூடம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறுப்பிற்கு வந்த பின்னர், 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கென்று கட்டிடம் எழுந்தது. நட்சத்திரங்களை நோக்குவதற்கென்று அமைந்த அந்நிலையத்திலேயே, 1796 முதல் பாரமானி, உஷ்ணமானிக் குறிப்புகளும் தொடர்ச்சியாக எழுதிவைக்கப்பட்டன. அங்குப் பணியாற்றிய ஜான் கோல்டிங்ஹாம், பரங்கிமலையிலும் ஜார்ஜ் கோட்டையிலும் பீரங்கிகளைச் சுடச் செய்து, ஒளி தோன்றியதற்கும் ஓசை கேட்டதற்கும் இடைப்பட்ட காலத்தைக் கணித்து ஒலியின் வேகத்தை ஆராய்ந்தார். ஒவ்வொரு முறையும் அன்றைய உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் ஈரத்தையும் காற்றின் போக்கையும் உடன் குறித்துவைத்த அந்தப் பரிசோதனை, 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் இடம்பெற்றது. 1864-ஆம் ஆண்டுக் கல்கத்தாப் புயலும், தொடர்ந்த மழைப் பொய்ப்புகளும், நாடெங்கும் ஒரே முறையில் அளக்கவேண்டிய அவசியத்தை உணர்த்தவே, 1875-இல் இந்திய வானிலைத் துறை பிளான்போர்டின் தலைமையில் தோன்றியது.

உயர்மட்ட ஆராய்ச்சி. தரையில் நின்று அளப்பது போதாதென்று கண்ட விஞ்ஞானிகள், தாமே பதிவுசெய்யும் இலேசான கருவிகளைப் பலூன்களில் கட்டி ஆக்ராவிலிருந்து பறக்கவிட்டனர். பலூன் வெடித்து எங்கோ வயலில் விழுந்த கருவியை யாரேனும் கண்டெடுத்து அனுப்பினாலன்றி ஒரு விவரமும் கிட்டாது. இவ்வாறு கிட்டிய பதிவுகளைக்கொண்டே, பாலக்காட்டைச் சேர்ந்தவரும் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவருமான கே. ஆர். இராமநாதன், வாயுமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் மிகக் குளிர்ந்த காற்று துருவங்களுக்கு மேலன்றி, நிலநடுக்கோட்டிற்கு மேல் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதை 1929-இல் எடுத்துக்காட்டினார்.

விழுந்த கருவிக்காகக் காத்திருக்கும் நிலையை ரேடியோசோண்டு மாற்றியது. பறக்கும்போதே அளவுகளை வானொலி அலைகளாக அனுப்பும் இக்கருவிக்கு இந்திய வடிவம் தந்தவர்களுள் எஸ். பி. வேங்கடேசுவரன் முக்கியமானவர். பலூன் மேலேறும்போது எதிர்க்காற்றில் சுழலும் சிறு விசிறியே கருவியை இயக்கும்படி அவர் புனாவில் அதனை அமைத்தார்.

அன்னா மணி. 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, பெங்களூரில் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்த அன்னா மணி, லண்டனில் வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சி முடித்து 1948-இல் புனாவில் வேங்கடேசுவரனின் பிரிவில் சேர்ந்தார். மழைமானிபோன்ற எளிய சாதனங்களைக்கூட அயல்நாட்டிலிருந்து தருவித்த அக்காலத்தில், ஏறக்குறைய நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி உள்நாட்டு உற்பத்திக்கு வழிவகுத்தார். தவறான அளவு, அளவே இல்லாமையினும் தீயது என்பது அவர் கொள்கை. ஆதலால் ஒவ்வொரு கருவியையும் மூலக்கருவியோடு ஒப்பிட்டுத் திருத்திய பின்னரே நிலையங்களுக்கு அனுப்பவேண்டுமென வற்புறுத்தினார். 1957-58 சர்வதேசப் புவிபௌதிக ஆண்டில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் தொடரை நிறுவியதும், 1963-இல் தும்பா ராக்கெட் தளத்தின் வானிலைக் கூடத்தை அமைத்ததும், ஓய்வுபெற்ற பின்னர் நாடு முழுவதும் காற்றின் சக்தியை அளவெடுத்ததும் அவர் பணிகளே. முனைவர் பட்டம் அவருக்கு வழங்கப்படாதது இவ்வரலாற்றில் ஒரு குறையாகவே நிற்கிறது.

காற்றைப் பிடித்துவருதல். அன்னா மணியும் துணைவர்களும் உருவாக்கிய இந்திய ஓசோன்சோண்டு, பறந்துகொண்டே சிறு பம்பின் மூலம் காற்றை இழுத்துப் பொட்டாசியம் அயோடைடு கரைசலுக்குள் செலுத்தும். ஓசோன் விடுவிக்கும் அயோடினால் பிறக்கும் மின்னோட்டம் ஓசோனின் அளவைத் தெரிவிக்கும். கோடைக்கானலில் தரையிலிருந்தே ஓசோனை அளக்கும் டாப்சன் கருவி 1957 முதல் இயங்கிவந்தது. உயரத்திற்கு உயரம் மாறும் அளவினை அறிய இச்சோண்டு துணைபுரிந்தது.

காற்றையே கொண்டுவரும் முயற்சி 2005 ஏப்ரல் 20-இல் ஹைதராபாத்தில் உயர்நிலையை எட்டியது. முன்கூட்டியே காற்று அகற்றித் தூய்மைசெய்த 16 துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைத் திரவ நியானில் மூழ்கவைத்து, இஸ்ரோவின் ஆதரவில் பலூனில் ஏற்றி, 20 முதல் 41 கிலோமீட்டர் வரையிலான உயரங்களில் திறந்து மூடினர். உட்புகுந்த காற்று குளிரால் உறைந்து தங்கியது. அதில் கண்ட நுண்ணுயிர்களுள் மூன்று புதிய இனங்கள் என 2009-இல் அறிவிக்கப்பட்டது.

ஆரணிக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்கு உட்பட்ட கடங்கியில், 1,024 ஆண்டெனாக்களைக்கொண்ட ரேடார், பலூன் ஏதுமின்றியே தரையிலிருந்து மேற்காற்றின் இயக்கத்தை அளக்கிறது. இருப்பினும், அது கூறும் அளவுகளைச் சரிபார்க்க இன்றும் பலூனில் பறக்கும் சோண்டுகளே பயன்படுகின்றன.