பஞ்சப்படி

பஞ்சம் + படி. பஞ்சம் இங்கே தட்டுப்பாட்டையும் விலையேற்றத்தையும் குறிக்கிறது. படி, தானியம் அளக்கும் முகத்தல் அளவு. சாப்பாட்டுச் செலவுக்குத் தரும் தொகைக்கும் அதுவே பெயராயிற்று. 'படியளப்பது' என்ற வழக்கும் இந்த வழியில் வந்ததே. அரசாணைகளில் பஞ்சப்படியே 'அகவிலைப்படி'. அகவிலை என்றால் தானிய விலை. கோவை மில் கேட்டிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் பஞ்சப்படிதான்.

கூலி ஒப்பந்தம் முடியும்வரை அடிப்படைச் சம்பளம் அப்படியே நிற்கலாம். அரிசி, எண்ணெய், வீட்டு வாடகை நிற்பதில்லை. நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஏற ஏற, கூடும் ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு என்று கணக்கிட்டுச் சம்பளத்தோடு சேர்ப்பதே பஞ்சப்படி.

1984-இல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் இதற்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்று தைக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்று பேசும் பீஸ் ரேட்டில் பஞ்சப்படி தனியாகக் கண்ணில் படுவதில்லை. விலை ஏறியும் ரேட் ஏறாவிட்டால் உண்மைக் கூலி குறைகிறது. ஆகவே ரேட் பேச உட்காரும்போது பஞ்சப்படியைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அது யாரும் மனமிரங்கித் தரும் சலுகையன்று. விலைவாசி பறித்துக்கொண்ட கூலிக்கு ஈடு.