பார்த்து வரைந்த கை

பிறர் செய்ததைப் பார்த்துச் செய்வது இழுக்கு என்று எண்ணுவோர் பலர். ஆனால் அரபு எழுத்தணிக் கலை பயிலும் மாணவன் உஸ்தாதின் எழுத்தையே ஆண்டுக்கணக்கில் பார்த்து எழுதுகிறான். 'மஷ்க்' எனப்படும் இப்பயிற்சி முற்றி, இஜாஸத் பெற்ற பின்னரே தன் எழுத்தின் கீழ்த் தன் பெயரை இடும் உரிமை அவனுக்கு வாய்க்கிறது. மேலை நாட்டு எண்ணெய் வண்ண ஓவியர்களும் இவ்வாறே கற்றனர் என்பதற்கு ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் (1776–1837) வாழ்வு சான்றாகும்.

சஃபோக் மாவட்டத்து மாவாலை உரிமையாளர் ஒருவரின் மகன் அவர். 1795ஆம் ஆண்டளவில், சர் ஜார்ஜ் பியூமான்ட் என்னும் செல்வர் தம் ஓவியம் ஒன்றை அவருக்குக் காட்டினார். ரோமில் வாழ்ந்த கிளாட் லொரேன் 1646இல் தீட்டியது அது. விவிலியக் கதையை ஒட்டி, ஹாஜரா அம்மையாரும் வானவரும் அதில் சிறு உருவங்களாக நிற்கின்றனர். படத்தை ஆள்வதோ மரமும் நீரும் ஒளியுமே!

இத்தகைய படத்தைப் பார்த்து வரைபவன் எதைக் கற்கிறான்? அருகிலுள்ள மரம் இருண்டிருந்தால்தான் வானம் ஒளிரும். தொலைவு செல்லச் செல்ல நிறம் வெளிறி நீலம் பாய வேண்டும். எண்ணெய் வண்ணமோ மெல்ல உலர்வது. ஒரு பூச்சு உலரும்வரை அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். கண் கடந்துபோகும் இவற்றைக் கை நின்று கற்கிறது.

எனினும் 1802இல் நண்பருக்கு எழுதிய மடலில், உண்மையைப் பிறர் படங்களின் வழியே தேடி அலைந்துவிட்டதாகக் கான்ஸ்டபிள் வருந்தினார். ஊர் திரும்பி இயற்கையை நேரில் தீட்டினார். ஆயினும் அவ்வாண்டின் 'டெடம் பள்ளத்தாக்கு' ஓவியத்தில் கிளாடின் அமைப்பே தெரிகிறது. மரம் அவர் ஊர் மரம். அது நிற்கும் இடமோ ஆசான் காட்டிய இடம்!

1821இல் 'வைக்கோல் வண்டி'யைத் தீட்டிய பின்னரும் அவர் மாணவராகவே இருந்தார். 1823இல், 47ஆம் வயதில், பியூமான்டின் கோலோர்ட்டன் மாளிகையில் பல வாரங்கள் தங்கிக் கிளாடின் படங்களைப் பார்த்து வரைந்தார். அவற்றுள் ஒன்று இன்று சிட்னி கலைக்கூடத்தில் உள்ளது.

பணிவு வேறு, அடிமைத்தனம் வேறு. நிலக்காட்சிக்குப் பழைய வயலினின் பழுப்பு நிறமே ஏற்றது என்றார் பியூமான்ட். கான்ஸ்டபிள் மறுமொழி கூறாமல் ஒரு வயலினை எடுத்துப் பசும்புல்லின் மீது வைத்தாராம். ஆசானின் படத்தை வணங்கிய அதே கை, ஆசான் பெயரால் சொல்லப்பட்ட பிழையை ஏற்க மறுத்தது.

பியூமான்ட் 1827இல் மறைந்தார். மறு ஆண்டு கான்ஸ்டபிள் அதே பள்ளத்தாக்கை மீண்டும் பெரிதாகத் தீட்டினார். அங்கும் கிளாடின் அமைப்பே. ஆனால் முன்புறத்தில் நாடோடித் தாய் ஒருத்தி கைக்குழந்தையுடன் அமர்ந்திருக்கிறாள். இளமையில் கண்ட ஹாஜரா அம்மையாரின் தனிமையை அவளிடம் நாம் உணர்கிறோம்.

கற்பிக்கும் தொழிலில் உள்ள நாமும், 'இது பார்த்து எழுதியது' என்று மாணவரின் ஏட்டை ஒதுக்கியதுண்டு. இனி ஒதுக்குமுன் ஒன்று கேட்போம்: இக்கை நகலோடு நின்றுவிட்டதா, அல்லது இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா?