எண்பலகையும் எட்டாம் வகுப்பும்: லாரி ஓட்டுநர் தகுதி விதிகள் வளர்ந்த கதை

ஹெவி லைசென்ஸ் எடுக்கவோ புதுப்பிக்கவோ போகிறவர், அரசு அங்கீகரித்த மருத்துவரிடம் படிவம் 1ஏ என்ற சான்றை வாங்கிச் செல்ல வேண்டும். சிறிய படிவம்தான். பார்வையில் குறை உண்டா, கண்ணாடி போட்டுச் சரியாகிவிட்டதா, நிறக்குருடு கடுமையாக உண்டா, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளியிருக்கும் வாகன எண்பலகை தெரிகிறதா, காது கேட்கிறதா, மாலைக்கண் உண்டா, கை கால்களில் குறை உண்டா என்று கேட்கிறது. விரும்பினால் இரத்த வகையையும் குறிக்கலாம். இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதில்லை. இரத்த அழுத்தத்தைக் குறிக்கவும் இடமில்லை. இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று பின்னோக்கிப் போனால், பெரும்பாலானவை 1939இலேயே நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகின்றன.

அதற்கு முந்தைய 1914ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 18 வயது நிரம்பாதவர் ஓட்டக் கூடாது என்பதோடு ஏறக்குறைய நின்றுகொண்டது. 1939ஆம் ஆண்டுச் சட்டம்தான் சரக்கும் பயணியரும் ஏற்றும் வண்டிகளைப் போக்குவரத்து வாகனம் என்று தனியே பிரித்து, அவற்றை ஓட்ட 20 வயது ஆக வேண்டும் என்றது. வலிப்பு, மனநோய், திடீர் மயக்கம் வரவழைக்கும் இதய நோய், மாலைக்கண், ஒலிச் சைகை கேட்காத அளவுக்குச் செவிட்டுத்தன்மை என்று தகுதி நீக்கும் நோய்களுக்கு ஓர் அட்டவணையும் போட்டது. பார்வைக்கான அளவுகோல், பிரிட்டனில் அப்போது வழக்கிலிருந்த எண்பலகைச் சோதனை. அன்று அது 25 கெஜம், அதாவது 23 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. இன்றைய படிவத்தில் கெஜத்தின் இடத்தில் மீட்டர் இருக்கிறது. 25 அப்படியே இருக்கிறது. சோதனை இரண்டு மீட்டர் கடினமானதற்குக் கண் மருத்துவக் காரணம் ஏதும் தேட வேண்டியதில்லை, அளவை மாற்றியபோது நேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். பகல் வெளிச்சம் என்ற நிபந்தனையும் மாறவில்லை. லாரிகள் பெரும்பாலும் இரவில் ஓடுகின்றன.

ஓட்டுநரின் அசதியை இந்த மருத்துவ அட்டவணைகள் தொடவே இல்லை. அது தொழிலாளர் நலம் என்ற பக்கத்துக்குப் போயிற்று. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ சொந்தமாக ஒரு லாரி வைத்து, ஒரு டிரைவரையும் ஒரு கிளீனரையும் அமர்த்தியிருப்பவர் அதன் எல்லைக்கு வெளியே நின்றார்.

1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 20 வயது என்ற வரம்பு தொடர்ந்தது. மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று ஆனது. ஓராண்டாவது இலகுரக வாகன உரிமம் வைத்திருந்தவருக்கே போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமம் என்ற விதி பின்னர் வந்தது. படிப்பு நெடுங்காலம் நிபந்தனையாக இல்லை. 2007இல் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயமானது. ஏற்கெனவே உரிமம் வைத்திருந்தவர்களுக்கு விலக்கு இருந்தது. ஆக, எழுதப் படிக்கத் தெரியாத பழைய டிரைவர் தொடர்ந்து ஓட்ட முடிந்தது, அவரிடம் கிளீனராக இருந்து தொழில் கற்ற பையன் ஏழாம் வகுப்போடு நின்றிருந்தால் ஸ்டியரிங்குக்கு வர முடியவில்லை.

இந்த விதி முடிவுக்கு வந்த விதம் சுவையானது. 2019 மே மாதம் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம், சாலைக் குறியீடுகளைப் படிக்கத் தெரியாதவருக்கு உரிமமே தரலாகாது என்றது. அடுத்த மாதமே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எட்டாம் வகுப்பு நிபந்தனையை நீக்கப்போவதாக அறிவித்தது. மேவாத் பகுதியில் ஓட்டுநர் தொழிலையே நம்பியிருக்கும் ஏழைகளுக்காக ஹரியானா அரசு விலக்குக் கேட்டிருந்தது; நாட்டில் சுமார் 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்றது அமைச்சகம். செப்டம்பரில் விதி போயே போயிற்று. விபத்துக் கணக்கை விட ஆள் பற்றாக்குறையே இங்கே பேசியிருக்கிறது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம் புதுப்பிக்கும் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாகவும், அபாயகரமான சரக்கு ஏற்றுபவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று ஆண்டாகவும் நீட்டியது. புதுப்பிக்கும்போதுதான் மருத்துவச் சான்று கேட்கப்படுகிறது என்பதால், மருத்துவரைப் பார்க்கும் இடைவெளியும் கூடவே நீண்டுவிட்டது.

உடல் தகுதியில் மருத்துவ ஆலோசனை பெற்றுச் செய்த திருத்தம் என்று 2020 ஜூன் மாதத்து அறிவிக்கையைச் சொல்லலாம். நிறக்குருடு லேசாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர்களுக்கு அது உரிமம் பெற வழிவிட்டது. கடுமையாக இருப்பவர்களுக்குத் தடை நீடிக்கிறது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய மாற்றம் காப்பீட்டு வழக்குகள் வழியாக வந்தது. 1994 திருத்தம் உரிம வகைகளில் நடுத்தர, கனரக வாகனங்களை எல்லாம் போக்குவரத்து வாகனம் என்ற ஒரே தலைப்பில் சேர்த்தது. அப்படியானால் சிறிய சரக்கு வேனுக்கும் தனி உரிமம் வேண்டுமா என்ற கேள்வி, இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க விரும்பிய காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கைகொடுத்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியை இலகுரக உரிமத்திலேயே ஓட்டலாம் என்று முகுந்த் தேவாங்கன் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் அமைச்சகமும் அப்படியே சுற்றறிக்கை அனுப்ப, டாக்ஸி, ஆட்டோ ஓட்டுபவர்களிடையே ‘இனிமேல் பேட்ஜ் வேண்டாம்’ என்று பேச்சானது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, ரம்பா தேவி வழக்கில் 2017 தீர்ப்பை உறுதி செய்தது. போக்குவரத்து வாகனங்களுக்கான கூடுதல் தகுதிகள் 7,500 கிலோவைத் தாண்டும் வண்டிகளுக்கே பொருந்தும் என்றும், இலகுரக உரிமக்காரர்களால் விபத்து கூடியதாகக் காட்டும் தரவு எதுவும் தன் முன் வைக்கப்படவில்லை என்றும் அமர்வு சொன்னது.

பிழைப்பின் பக்கம் நின்று பார்த்தால் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2019 திருத்தத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். முப்பது வயதுக்குள் எடுக்கும் இலகுரக உரிமம் நாற்பது வயது வரை செல்லும். அதுவரை ஓட்டுநரின் சுய உறுதிமொழியே போதும். 18 வயதில் உரிமம் எடுத்து, ஏழு டன் வரை எடையுள்ள சரக்கு வண்டியை ஓட்டுபவர் 22 ஆண்டுகள் படிவம் 1ஏ பக்கமே போக வேண்டியதில்லை. அதே சாலையில் பத்துச் சக்கர லாரி ஓட்டுபவர் ஐந்தாண்டுக்கு ஒரு முறை அந்தப் படிவத்தோடு மருத்துவர் முன் நிற்கிறார்.