பொருநையின் விலை

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் புகும் பொருநைக்கு எட்டு அணைக்கட்டுகள். கடைசியானது ஆங்கிலேயர் காலத்து ஸ்ரீவைகுண்டம். நீரை யார், எவ்வளவு எடுப்பது என்பதே இப்பள்ளத்தாக்கின் பழைய வழக்கு. கங்கைகொண்டானில் அது புது வடிவம் கொண்டது.

பாட்டில் வணிகத்தில் உடைமை கைமாறிக்கொண்டே இருக்கும். இத்தாலியப் பெயர் தாங்கிய பிஸ்லெரியைப் பார்லே 1969இல் வாங்கியது. 1977இல் நாட்டை விட்டு வெளியேறிய கோகோ கோலா, 1993இல் திரும்பிவந்து பார்லேயின் தம்ஸ் அப், லிம்கா முதலிய பானங்களை விலைக்கு வாங்கிக்கொண்டது.

அந்நிறுவனத்தின் பானங்களை நிரப்பும் ஆலை கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்துக்கு வந்தபோது, 2005இல் மக்கள் வீதிக்கு வந்தனர். பின்னர் பெப்சிக்கும் அங்கே ஆற்றுநீர் சென்றது. 1000 லிட்டருக்கு விலை 37 ரூபாய் 50 காசு. அதாவது லிட்டருக்கு நான்கு காசுக்கும் குறைவு.

2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச் 1 முதல் வணிகர் சங்கங்கள் இரு நிறுவனங்களின் பானங்களையும் புறக்கணித்தன. மறுநாளே வழக்குகள் தள்ளுபடியாயின. தருவது உபரி நீரே என்பது அரசுத் தரப்பின் வாதம்.

‘உபரி’ என்ற சொல்லில்தான் நாம் இடறி நிற்கிறோம். கடைமடையில் காய்ந்த வயலைப் பார்த்து நிற்கும் உழவரிடம் அச்சொல்லை எப்படி விளக்குவோம்? நிறுவனங்களைப் பத்திரம் எழுதி மாற்றிக்கொள்ளலாம். ஆற்றை விற்க, அது யாருடைய சொத்து?