தங்கத் தட்டும் மைக் செட்டும்: எல்லைக் கிராமங்களில் பாட்டின் கணக்கு

ஒரு பாடகர் வெற்றி பெற்றார் என்பதை எதை வைத்துச் சொல்கிறோம்? வெளிமாநிலத்தில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், "எத்தனை கோடி வியூஸ் போயிருக்கு பாருங்க" என்று கைப்பேசியை நீட்டுவார்கள். பாட்டை எண்ணிக்கையால் அளக்கும் இந்தப் பழக்கம் எப்படி வந்தது? பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வளர்ந்த எனக்கு அந்த அளவுகோல் ஏன் போதவில்லை? இவ்விரண்டையும் இச்சிறு கட்டுரையில் சொல்ல முற்படுகிறேன்.

தங்கம் வந்த கதை

1942-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி, கிளென் மில்லர் குழுவின் 'சட்டனூகா சூ சூ' பாட்டு 12 லட்சம் பிரதிகள் விற்றதைக் கொண்டாட, ஓர் இசைத்தட்டுக்குத் தங்க வண்ணம் பூசிப் பரிசளித்தது. அது கம்பெனி தன் சரக்குக்குத் தானே செய்துகொண்ட விளம்பரம். 1958-இல் அந்நாட்டு இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம், கணக்கைச் சரிபார்த்துச் சான்று வழங்கத் தொடங்கியது. முதல் தங்கத் தட்டு பெரி கோமோ என்ற பாடகருக்குக் கிடைத்தது. தனிப்பாட்டுக்கு அன்றைய வரம்பு 10 லட்சம் பிரதிகள். 1976-இல் பிளாட்டினம் வந்தது. 1989-இல் தனிப்பாட்டுக்கான தங்க வரம்பு 5 லட்சமாகக் குறைந்தது. 2016 முதல், இணையத்தில் 150 முறை ஒலித்தால் ஒரு பிரதி விற்றதாகக் கொள்கிறார்கள். 'தங்கம்' என்ற பெயர் மாறவில்லை. எடைக்கல் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

நம்மவர் கணக்கு

இந்தியாவில் 1902-இல் கல்கத்தாவில் கோஹர் ஜானின் குரல் பதிவானது. தமிழில் நாடக மேடைக் கலைஞர்களின் குரல்கள் இசைத்தட்டில் ஏறின, கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அதில் முன்னவர்கள். ஆனால் நம் மக்கள் நினைவில் நின்றது தட்டுகளின் தொகையன்று. 1935-இல் 'பக்த நந்தனார்' படத்துக்குச் சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார் என்பதும், 1944-இல் வந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பதுமே. சம்பளமும் ஓடிய நாட்களும்தான் நமக்கு அளவுகோல்.

எல்லைப்புறத்தில்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகாவும் அதிலுள்ள பாறசாலையும் கேரளத்தில் நின்றன. களியக்காவிளையைத் தாண்டினால் வேறு மாநிலம் என்றாகிவிட்டது. பாட்டுக்கு அந்த எல்லை தெரியவில்லை. திருவனந்தபுரம் வானொலியும், 1963-இல் தொடங்கிய திருநெல்வேலி நிலையமும், இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் ஒரே பெட்டியில் மாறி மாறிக் கேட்டன.

எங்க ஊர்ப் பக்கம் கல்யாண வீடானாலும், அம்மன் கோயில் கொடையானாலும், பள்ளி ஆண்டு விழாவானாலும் முதலில் வருவது மைக் செட்டுதான். தென்னை மரத்தில் குழாயைக் கட்டிவிட்டால் அடுத்த ஊருக்கும் பாட்டுப் போகும். ஒரு தமிழ்ப் பாட்டு, ஒரு மலையாளப் பாட்டு என்று போடாவிட்டால், "லே, எங்க பாட்டு எங்கடே?" என்று யாராவது வந்துவிடுவார்கள். தட்டை விலைக்கு வாங்கியவர் மைக் செட்காரர் ஒருவர். கேட்டது ஊர் முழுக்க. கம்பெனிக் கணக்கில் அது ஒன்றே ஒன்று!

பிறகு கேசட் வந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால், காலி கேசட்டில் பதிந்து தரும் கடைகள் முளைத்தன. அப்படிப் பதிந்த பாட்டு எந்த விற்பனைப் பட்டியலிலும் ஏறவில்லை. எங்களைப் போன்ற எல்லைப்புறத்துத் தமிழர் எத்தனை பேர் எந்தப் பாட்டை நேசித்தோம் என்பதற்கு ஏட்டில் சாட்சி இல்லாமல் போனது இப்படித்தான்.

ஊர்ப்பெயர் சுமந்த இருவர்

இதே மண்ணின் பெயரைத் தாங்கிய இருவரை இங்கே நினைக்க வேண்டும். 1924-இல் பிறந்த பாறசாலை பொன்னம்மாள், 1939-இல் தொடங்கிய திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைப்பள்ளியின் முதல் மாணவி. பின்னாளில் ஆசிரியையாகப் பல தலைமுறைகளை உருவாக்கினார். 2006-இல், தம் 81-ஆம் வயதில், பத்மநாபசுவாமி கோயில் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண் என்ற பெருமை பெற்றார். 2017-இல் பத்மஸ்ரீ, 2021-இல் மறைவு. மற்றவர் நெய்யாற்றின்கரை வாசுதேவன். செம்மங்குடியிடமும் ராம்நாடு கிருஷ்ணனிடமும் பயின்றவர். திருவனந்தபுரம் வானொலிக் கலைஞர். 2004-இல் பத்மஸ்ரீ பெற்று 2008-இல் மறைந்தார். இவர்கள் மெல்லிசை நட்சத்திரங்கள் அல்லர். கச்சேரி மேடைக்கு உரியவர்கள். அங்கே சீடர்களும் திறந்துவிட்ட கதவுகளுமே சான்றிதழ். தங்கத் தட்டில் இவற்றுக்கு இடமில்லை.

எண்ணிக்கையும் வேண்டும்

இப்படிச் சொல்வதால் எண்ணிக்கையே வேண்டாம் என்பதன்று. மரத்துக் குழாயில் ஊரே கேட்டபோதும், கடையில் கேசட் பதிந்தபோதும், பாடியவருக்கும் எழுதியவருக்கும் அதனால் ஒரு காசும் போய்ச் சேரவில்லை. கணக்கு இல்லாத இடத்தில் பங்கு கேட்க வழியில்லை. அதே சமயம், கணக்கு இருந்தால் மட்டும் போதுமா? 'ரௌடி பேபி' 2020-இல் யூடியூபில் 100 கோடி பார்வைகளைக் கடந்தது, நமக்கெல்லாம் பெருமைதான். 2021-இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் பல கோடி முறை ஒலித்தது. ஆயினும் அதனால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-இல் வெளிப்படையாகக் கூறினார். கைப்பேசியில் தெரியும் எண், கலைஞர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்பதைச் சொல்வதில்லை.

ஆகவே பிள்ளைகள் அடுத்த முறை கோடிக்கணக்கைக் காட்டும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். எத்தனை பேர் வாங்கினார்கள்? வாங்காமலே எத்தனை பேர் கேட்டார்கள்? பாடியவர் கைக்கு என்ன வந்தது? முதற்கேள்விக்கு மட்டுமே தங்கத் தட்டு பதில் தரும். இரண்டாவதற்குப் பதில் நம் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கிறது. அவர்கள் எந்தப் பாட்டை, எந்தக் கொடையில், எந்த வானொலியில் கேட்டார்கள் என்பதை ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தால், எல்லைக் கிராமங்களின் விட்டுப்போன கணக்கு ஓரளவாவது கிடைக்கும். அந்தத் தலைமுறை நம்மோடு இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.